ஆல்ட்கெல்டு என்ற கவர்னர்



நம் நாட்டில் கவர்னர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுகிறவர். அமெரிக்காவிலோ ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஜனங்களே ஓட்டுப்போட்டுக் கவர்னரைத் தெரிந்தெடுக்கின்றார்கள். ஆகவே, அங்கு ஒரு கவர்னர் ஊரார் வெறுக்கும்படியான காரியத்தைச் செய்வாரானால் தன் பதவிக்குத் தானே உலைவைத்துக் கொள்கின்றார் என்றுதான் அர்த்தம். அப்படித் தெரிந்தே செய்தவர் இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் கவர்னர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு.

அவர் 1847-ல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா சென்றவர். ஏழைக் குடியானவர் மகன். 16-வது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு வாத்தியாராகி, வக்கீலாகி, சிக்காகோவில் ஜட்ஜும் ஆனார். 1892-ல் கவர்னராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

இனி விஷயத்திற்கு வருவோம். 1886 மே மாதத்தில் தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். (1923-ல் தோழர் சிங்காரவேலு சென்னையில் கொண்டாடிய மே தினம் இதிலிருந்து வந்ததுதான்.) 3-ந் தேதி சிக்காகோவில் போலீசார் சுட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட்டில் கூட்டம் நடந்தது. கூட்டம் கலையும் சமயத்தில் போலீஸ் படை வந்து நிற்க, எவனோ ஒருவன் வெடிகுண்டை வீசினான். போலீஸ்காரர் 7 பேர் மாண்டனர். வீசியவன் யார் என்பது இன்றுவரை ருஜுவாகவில்லை. ஆனாலும் 8 பேரைப் பிடித்து விசாரித்து, 7 பேருக்குத் தூக்கு என்றும், ஒருவருக்கு 15 வருஷம் என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். 1887 நவம்பர் 11-ந் தேதி 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் முதல்நாளே சிறையில் மாண்டார். இருவருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. ஆக, மூன்று பேர் சிறையில் மிஞ்சினார்கள்.

இம்மூவரையும் விட்டுவிடும்படி பெரிய மனிதர்கள் பலரும் ஆல்ட்கெல்டிடம் மனுச் செய்தார்கள். எப்படி? “குற்றவாளிகள்தான், ஆனாலும் பட்டது போதும், தயவு செய்யுங்கள்” என்ற முறையில். அவர் அப்படியே செய்திருந்தால் தர்மப்பிரபு என்று பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ, விசாரணை ஒழுங்காய் நடந்திருந்தால் தான் தலையிடவே கூடாது, நடக்காவிட்டால் தயவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கருதி, வழக்குத் தஸ்தாவேஜுகளையெல்லாம் தாமே படித்துப் பார்த்தார்.

பார்த்தால் என்ன இருந்தது? ஜூரிக்காக 981 பேரைக் கேட்டுப் பொறுக்கியதில், கைதிகள்மேல் முன்னமேயே வெறுப்பிருப்பதாக ஒப்புக்கொண்டவர்களையும் ஜட்ஜு சேர்த்துக்கொண்டிருந்தார். குண்டு வீசியவனுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமிருந்ததாகச் சாட்சியம் இல்லை. பேசியதற்கும் எழுதியதற்குமாகவே தண்டனை!

1893 ஜூன் 26-ந் தேதி மூவரையும் விடுதலை செய்து, காரணங்களையும் பகிரங்கமாய் அச்சிட்டு வெளியிட்டார். விடுதலையை மன்னித்திருப்பார்கள், காரணத்தை மன்னிப்பார்களா? பத்திரிகைகள் “அராஜகன்”, “அந்நியன்” என்று வைதன. தூக்கிலிட்டது தப்பு என்றல்லவா அது ஆகிவிட்டது!

அவ்வருஷமே 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாதென்றும், பெண்களுக்கு 8 மணி நேரமே வேலை என்றும் சட்டம் வந்தது. அதை அமலாக்க பிளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியையே தலைமை இன்ஸ்பெக்டராக நியமித்தார். 1895-ல் கோர்ட்டார் அந்த 8 மணி விதியைச் செல்லாதென்று அடித்துவிட்டார்கள். கூலிக்காரி 10 மணி நேரம் உழைக்கும் “சுதந்திரத்தை”க் காப்பாற்றினார்களாம்!

1896 தேர்தலில் ஆல்ட்கெல்டு தோற்றார். சம்பாதித்த சொத்தும் போயிற்று. கடைசியில் சிநேகிதர் கிளாரன்ஸ் டாரோவின் வக்கீல் ஆபீசில் சேர்ந்து தொழில் செய்தார். 1902 மார்ச்சு மாதம் ஜோலியட் நகரில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரோடு போராடிய போயர்களுக்காகப் பிரசங்கம் செய்து முடித்ததும் மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார்.