நம் வார்டு எங்கே போனது?



2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155லிருந்து 200 ஆயின. எல்லோரும் வளர்ச்சி என்றார்கள். ஆனால் அந்த 200ல் பழைய நகரத்துக்குக் கிடைத்தவை 107 மட்டுமே. புளியந்தோப்பும் வியாசர்பாடியும் இருக்கும் பழைய நகரம் 48 வார்டுகளை இழந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93.

அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பழைய நகரில் சுமார் 46 லட்சம் பேர். சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம். அதாவது இங்கே ஏறத்தாழ 43 ஆயிரம் பேருக்கு ஒரு மாமன்ற உறுப்பினர், அங்கே 22 ஆயிரம் பேருக்கு ஒருவர். புறநகரிலும் நம் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறுப்பினர் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நெரிசலில் வாழ்பவரின் ஓட்டு ஏன் பாதி எடையானது என்பதுதான் கேள்வி.

கோட்டை நகர்த்துவது ஒரு வழி. ஆட்களையே நகர்த்துவது இன்னொரு வழி. 2000 முதல் நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டார்கள். அது அப்போது ஊராட்சி. 2011ல் எல்லை விரிந்த பிறகுதான் அவர்கள் மறுபடி சென்னைக்காரர்கள் ஆனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. 2022 மாமன்றத் தேர்தலின்போதும் பெரும்பாக்கம் மாநகராட்சிக்கு வெளியேதான் இருந்தது. தலைமுறைகளாக இந்த நகரத்தைச் சுத்தம் செய்தவர்களுக்கு அதன் மாமன்றத்தில் ஓட்டு இல்லை.

அரசமைப்பின் 243டி பிரிவு, மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த ஒதுக்கீடு இருந்ததால்தான் 2022ல் 74ஆவது வார்டிலிருந்து பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். அது நம் வெற்றி. ஆனால் அந்தத் தேர்தலுக்கான வார்டுகள் 2011 கணக்கை வைத்தே வரையப்பட்டன. அதன்பின் அகற்றப்பட்டவர்கள் காகிதத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறார்கள், வாழ்வது பெரும்பாக்கத்தில். அடுத்த கணக்கெடுப்பு அவர்களைப் புது இடத்தில் எண்ணும்போது, பழைய வார்டில் நம் விகிதம் குறையும். விகிதம் குறைந்தால் ஒதுக்கீடும் கையைவிட்டுப் போகலாம். குடிசையை இடிக்கும் இயந்திரம் சுவரோடு சேர்த்து நம் பிரதிநிதித்துவத்தையும் இடிக்கிறது.

அடுத்த மறுவரையறை வரும்போது வரைவுப் பட்டியல் வெளியாகும். ஆட்சேபனை சொல்லச் சில நாட்கள்தான் இருக்கும். அதில் உங்கள் தெரு எந்த வார்டில் இருக்கிறது, பக்கத்துச் சேரி எந்த வார்டுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரே குடியிருப்பு இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். தேர்தல் நாளில் நாம் வரிசையில் நிற்கும் முன்பே பாதி முடிவு அந்த வரைபடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.