தாய்க்குத் துணை நில்லுங்கள்

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே!

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1980-களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். நன்றாக எடை குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஏன் என்று உட்காரவைத்து விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பிறகு அவரும் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. அடி, வசவு, பாலியல் கொடுமை, அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்வது, வீட்டில் குடி, மனநோய், வீட்டில் ஒருவர் சிறைக்குப் போவது. சிறு வயதில் இவற்றில் நான்கையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு இவை எதையும் அனுபவிக்காதவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. இதயநோயும்கூட அதிகமாக இருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். ஆகவே இதை ஏழை வீட்டுச் சங்கதி என்று யாரும் ஒதுக்க முடியாது.

இந்த அனுபவங்களின் எண்ணிக்கையை ஒரு குழந்தையின் ஜாதகம்போல் வாசித்துவிடாதீர்கள். தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எச்சரித்திருக்கிறார். அடிபட்டு வளர்ந்தும் நன்றாக வாழ்பவர்கள் ஏராளம்.

சரி, இந்தக் கொடுமைகள் வராமல் தடுக்க முடியுமா? முடியும். அதைச் செய்துகாட்டியவர்கள் உங்களைப் போன்ற செவிலியர்கள்தாம். பால்டிமோரில் குழந்தைகள் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்த டேவிட் ஓல்ட்ஸ், சில குழந்தைகளுக்குத் தம் உதவி மிகவும் தாமதமாகக் கிடைப்பதை உணர்ந்தார். 1977-இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில் முதல் பிள்ளையைச் சுமந்த 400 பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் பலர் பதின்பருவத்தினர், மணமாகாதவர்கள், வசதியற்றவர்கள். ஒரு பிரிவினருக்குக் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் வீடு தேடிப் போனார். சத்துணவு, புகைப்பழக்கம், குழந்தை விடாமல் அழும்போது என்ன செய்வது, மறுபடி படிக்கப் போகலாமா என எல்லாவற்றையும் பேசினார். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தத் தாய்மார் மீது பதிவான குழந்தைக் கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் செவிலியர் போகாத மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதைத்தான் நீங்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அடிதடி அடிக்கடி நடந்த வீடுகளில் செவிலியரின் வருகை குழந்தையைக் காப்பாற்றவில்லை. தாய் அடிபடும் வீட்டில் தாய்க்குச் சொல்லும் நல்ல யோசனை மட்டும் போதாது.

நம் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே வீட்டுப் படியேறிக்கொண்டுதான் இருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறார், தடுப்பூசித் தேதியைச் சொல்கிறார், பதிவேட்டை நிரப்புகிறார். அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் மாமியார் பதில் சொல்வார். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பாதி வீடுகளில் உண்மை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. எடை பார்க்க வேண்டும் என்றோ ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றோ சொல்லி அவளை ஐந்து நிமிடம் தனியே அழைத்துப் பேசுங்கள். வீட்டுக்காரர் குடிப்பாரா, கை நீட்டுவாரா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவள் சொல்வதை யார் காதிலும் போடாதீர்கள். "அனுசரித்துப் போம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப் பேச நேரம் வேண்டும். ஒரு செவிலியரின் தலையில் இத்தனை ஊரும் இத்தனை பதிவேடும் சுமத்திவிட்டு அவரிடம் பரிவை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. பணியிடங்களை நிரப்புங்கள்.

செவிலியர்களே, பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டு எண்களும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன. நீங்கள் போகும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தாயிடம் அவற்றைச் சொல்லிவிட்டு வாருங்கள்.