விருந்தும் ஓய்வும்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும் நாளிற் பிள்ளைகளும் ஆசிரியர்களும் களைத்த முகத்துடனேயே வருகின்றனர். ஓய்வுக்கென வந்த விடுமுறை ஓய்வைத் தரவில்லை. ஏன்?

எங்கள் நெளுக்குளம் வவுனியாவை அடுத்த ஊர். 1990ஆம் ஆண்டில் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேதான் மீண்டும் ஓடலாயிற்று. இடையிற் பன்முறை மூடுண்ட ஏ-9 வீதி 2009இல் மறுபடி திறந்தது. பிரிந்திருந்த உற்றார் இன்று கனடாவிலிருந்தும் வருகின்றனர். பல்லாண்டுப் பேச்சைப் பத்து நாளிற் பேசி முடிக்க விழைகின்றோம்.

அவ்வாசையிற் குற்றமில்லை. ஆயின் அதன் பாரம் அடுப்படியில் நிற்பவள் தலையிலேயே விழுகின்றது. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லறமோ இருவர்க்கும் உரியது. ஆகவே வீட்டு ஆடவர் தேங்காய் திருவட்டும். விருந்தினரும் பாத்திரம் கழுவட்டும்.

பாடசாலை திறக்குமுன் ஒரு நாளேனும் எவ்வழைப்பையும் ஏலாது வீட்டிலிருங்கள். அன்று பிள்ளைகள் வேளைக்கு உறங்கட்டும்; அன்னையும் ஆறியிருக்கட்டும். அடுத்த விருந்தை அவள் மலர்ந்த முகத்துடன் வரவேற்பாள்.