கல்யாண ஓலையில் கிடைக்கும் விடை



சித்தூர், திருப்பதிப் பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் வரன் பேச்சு எழுந்ததும் ஒரு கேள்வி வரும்: "அவங்க ஆர்.சி.யா, கிறிஸ்டியனா?" ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர்: மாதா கோயில், பூசை, ஜெபமாலை. கிறிஸ்டியன் என்றால் சி.எஸ்.ஐ., லூத்தரன், இப்போது பெந்தெகொஸ்து. யாரும் வம்புக்காகக் கேட்பதில்லை. ஆனாலும், கத்தோலிக்கர் கிறிஸ்தவர்களே அல்லர் என்பதுபோல் அந்தக் கேள்வி அமைந்துவிடுகிறது. அப்படியானால் கத்தோலிக்கம் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவா, இல்லையா?

இந்த மண்ணின் வரலாற்றைப் பார்த்தால் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூருக்கு 1700களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் வந்துவிட்டார்கள். அது அவர்களுடைய கர்நாடக மிஷனின் ஆரம்ப காலம். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1853இல், ஸ்கட்டர் சகோதரர்கள் மூவர் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அப்போது சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கட்டர் அந்தக் குடும்பத்துப் பெண்தான். 1863இல் மதனப்பள்ளிக்கு அதே மிஷனின் ஜேக்கப் சேம்பர்லின் போனார். 1865இல் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் தெலுங்கு நாட்டில் கால் வைத்தது. அதன் வழி வந்த தென் ஆந்திர லூத்தரன் திருச்சபைக்குத் தலைமையகம் இன்று திருப்பதி.

ஆக, இங்கே கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி முதலில் வந்தவர்களில் கத்தோலிக்கர் உண்டு.

அரசாங்கத்தின் கணக்கில் இந்தக் குழப்பம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாரும் கிறிஸ்தவர்தான். ஆந்திரத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பி.சி. – சி என்று ஒரே பிரிவு. எந்தச் சபை என்ற பாகுபாடு அதில் கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுகிற எவரையும் கிறிஸ்தவர் என்றே கொள்கிறது. அதே சட்டத்தின் ஆறாம் பகுதி மட்டும், கத்தோலிக்கர் இருவர் தங்களுக்குள் செய்துகொள்ளும் திருமணங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. திருமணத்தில் அவர்களுக்கென்று சொந்த ஒழுங்கு உண்டு என்பதைச் சட்டம் அப்போதே கண்டுகொண்டது.

திருமணம் என்றதும் இங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது, நேயர்களே. இந்த விஷயத்தைத் தேடிப் போனபோது என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இந்த இடம்தான். இறையியல் நூல்களில் கிடைக்காத தெளிவு கல்யாண ஓலையில், அதாவது கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பில், கிடைக்கிறது.

மாப்பிள்ளை ஆர்.சி., பெண் லூத்தரன் என்று வையுங்கள். பங்குத்தந்தை முதலில் கேட்பது பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழை. தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறாளா என்று பார்ப்பார். பெற்றிருந்தால் கத்தோலிக்கத் திருச்சபையின் கண்ணில் அவள் கிறிஸ்தவள். கல்யாணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பெண் ஞானஸ்நானம் பெறாத வேற்று மதத்தவளாக இருந்தால் கதை வேறு. அங்கே சட்டத்தடையே இருக்கிறது. ஆயர் விலக்கு அளிக்காமல் நடத்தினால் திருமணம் செல்லாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. நாளைக்கு அந்தப் பெண்ணே கத்தோலிக்கச் சபையில் சேர விரும்பினாலும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். லூத்தரன் போதகர் ஊற்றிய தண்ணீர் போதும்.

சி.எஸ்.ஐ.யும் லூத்தரன் சபையும் கத்தோலிக்கரின் ஞானஸ்நானத்தை அதேபோல் மதிக்கின்றன. பெந்தெகொஸ்து சபைகளுக்குப் போனால்தான், குழந்தையில் பெற்றது போதாது, விசுவாசித்த பிறகு முழுக்கு எடுக்க வேண்டும் என்பார்கள். அங்கே ஆர்.சி.க்கும் சி.எஸ்.ஐ.க்கும் ஒரே பதில்தான். "ஆர்.சி.யா, கிறிஸ்டியனா" என்று கேட்பவர்கள் கோடு கிழிக்கிற இடம் ஒன்று, சபைகள் கிழிக்கிற இடம் வேறு.

அதே கல்யாணத்தில் வேற்றுமையும் தெரியும். பூசையில் நற்கருணை கொடுக்கும் நேரத்தில் லூத்தரன் பெண்ணுக்குச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. பெற்றோர் கண்கலங்குவது அந்த நேரத்தில்தான். பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதையெல்லாம் செய்வேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருப்பார். பெண் வீட்டாருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பிரிவு என்ற பட்டத்தைக் கத்தோலிக்கர் ஏற்கிறார்களா? அதுதான் சங்கடமான பகுதி. பாகம் பிரிந்த குடும்பத்தில், பெரிய வீட்டிலேயே தங்கிவிட்டவர் தன்னை ஒரு பங்காளியாகச் சொல்லிக்கொள்வாரா? பிரிந்து போனது மற்றவர்கள் என்பார். 1054இல் கிழக்குச் சபைகள், 1517இல் லூத்தர் தொடங்கி வைத்த சீர்திருத்தம் எல்லாவற்றையும் ரோம் அப்படித்தான் பார்க்கிறது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்ற சபையாரைச் சகோதரர் என்று அழைத்தது. ஆனால் 2000இல் வந்த 'தோமினுஸ் இயேசுஸ்' என்ற ஆவணம் சீர்திருத்தச் சபைகளை முழுப் பொருளில் திருச்சபைகள் என்று ஏற்கவில்லை. வெளியிலிருந்து எண்ணுபவருக்குக் கத்தோலிக்கம் ஒரு பிரிவு, அதுவும் உலகக் கிறிஸ்தவரில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்ட மிகப் பெரிய பிரிவு. உள்ளே இருப்பவர் பிரிவு என்று சொல்ல மாட்டார். இரண்டு பேருமே கிறிஸ்தவம் என்ற வட்டத்துக்குள் நின்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஒன்றுபடும் ஆசையும் இங்கே பழையது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, தெலுங்கு நாட்டு தோர்ணகல்லுக்கு 1912இல் பேராயரான வி.எஸ். அசரியா, 1919இல் தரங்கம்பாடியில் கூடியவர்களோடு சபை ஒற்றுமைக்காகக் குரல் கொடுத்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைக் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆற்காடு மிஷன் வளர்த்த சபைகள் அதில் கலந்தன. லூத்தரன்கள் கலக்கவில்லை, கத்தோலிக்கரும் இல்லை. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், லூத்தர் காலத்துச் சண்டையின் மையமாக இருந்த மீட்பு பற்றிய கேள்வியில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

நேரம் ஆகிவிட்டது, நேயர்களே. வரன் பேசும் வீட்டார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பெண், பிள்ளை இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழையும் முதலில் எடுத்து வையுங்கள். ஓலை வாசிக்க நாள் குறிக்கும் முன்பே பங்குத்தந்தையையும் போதகரையும் பார்த்து, நற்கருணை பற்றியும் பிள்ளைகள் பற்றியும் பேசிவிடுங்கள். கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் மனம் நிறைந்து நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.