விற்பவனுக்குச் சிறை! சிக்கிய பிள்ளைக்குச் சிகிச்சை!

போதை ஒழிப்புத் தெருமுனைக் கூட்டத்தில் நமது தோழர் ஆற்றிய உரையிலிருந்து:

தோழர்களே, தாய்மார்களே!

"ஊர்ல கஞ்சா பெருகிப் போச்சு, பிடிச்சு உள்ள போடுங்க"ன்னு எல்லாரும் சொல்றோம். நியாயம்தான். யாரை உள்ள போடணும்? மூட்டை மூட்டையாகக் கடத்துறவனையா, அவன் பொட்டலத்துக்கு அடிமையாகிப் போன நம்ம வீட்டுப் பிள்ளையையா?

1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பயன்படுத்தினாலே குற்றம் என்கிறது. கஞ்சாவுக்கு 6 மாதம் வரை, ஹெராயினுக்கு ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ பிரிவும் இருக்கு. போதைக்கு அடிமையானவர் சிறிய அளவோடு சிக்கினாலும், தானாக முன்வந்து, அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால், அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தக் கூடாது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஸ்டேஷன்ல யார் எடுத்துச் சொல்றாங்க?

தெரியாததால்தான் பயம். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸுக்குத் தெரிஞ்சிடுமோ, அக்கம்பக்கம் என்ன பேசுமோ"ன்னு தாய் மகனை வீட்டுக்குள்ளேயே மறைக்கிறாங்க. நோய் முத்துது.

சரி, ஒருத்தன் மீண்டு வந்துட்டான். அப்புறம்? வேலைக்குப் போனா போலீஸ் வெரிஃபிகேஷன்ல பழைய கேஸ் குறுக்க நிக்குது. வாடகைக்கு வீடு இல்ல. பெண் கொடுக்க ஆள் இல்ல. தண்டனை 6 மாதம், "கஞ்சா கேஸு"ங்கிற பேர் ஆயுசுக்கும்! எல்லாக் கதவும் சாத்தினா அவனைச் சேர்த்துக்கிறது யாரு? அந்தப் பழைய கூட்டம்தான். அங்கேதான் மறுபடியும் பொட்டலம் காத்திருக்கு.

போர்ச்சுகல் 2001-லேயே பாதையை மாற்றியது. 10 நாள் தேவைக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் அங்கே கிரிமினல் வழக்கு இல்லை. போதையைக் கைவிட வழிகாட்டும் குழுவின் முன் நிறுத்துறாங்க. விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான்.

நாம் கேட்பது மூன்று:

✅ சிறிய அளவோடு சிக்கும் ஒவ்வொருவருக்கும் 64-ஏ உரிமையைக் காவல்துறை எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும்.

✅ ஒவ்வொரு வட்டத்திலும் இலவச அரசு சிகிச்சை மையம் வேண்டும்.

✅ மீண்டவரின் பழைய வழக்கு, வேலைக்குத் தடையாகக் கூடாது.

நம்ம பங்குக்கு, "கஞ்சா குடிக்கி"ன்னு கூப்பிடுறதை இன்றோடு நிறுத்துவோம். மீண்டு வந்தவனுக்கு உங்க கடையில, பட்டறையில ஒரு வேலை கொடுங்க.

தயங்காம உதவி கேளுங்க: தேசிய போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

தேவைப்படும் ஒரு வீட்டுக்காவது இதைப் பகிருங்கள், தோழர்களே!