பேறுகாலமும் முடக்குவாதமும்



எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைப் பற்றி நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மூட்டுகளைப் பற்றும் நோய்களுள் ஒன்றைக் குறித்து இன்று பேச எண்ணுகிறேன். அதனை முடக்குவாதம் என்பர். சரவாங்கி என்ற பெயரும் நாட்டில் வழங்குகிறது. அந்நோய்க்கும் பெண்களின் மகப்பேற்று வரலாற்றுக்கும் உள்ள தொடர்பே இப்பேச்சின் பொருள். 'இது தாய்மார் கேட்க வேண்டியதன்றோ? எங்களுக்கு எதற்கு?' என்று நீங்கள் வினவலாம். காலையில் எழுந்து அடுப்பங்கரைக்குச் செல்லும் அன்னையை அன்றாடம் காண்பவர்கள் நீங்கள். ஆதலால் உங்களிடம் பேசுவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள புதுக்கடை எனது ஊர். எங்கள் பக்கத்தில் முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைகள் பல உண்டு. 'அண்டியாபீஸ்' என்பது ஊர் வழக்கு. அங்கே கொட்டை உடைப்போரும் பருப்பின் தோலுரிப்போரும் பெரும்பாலும் பெண்களே. விரல் மடங்கி நிமிர்ந்தால்தான் அவர்களுக்குக் கூலி. அத்தகைய பெண்ணொருத்திக்குப் பிள்ளை பிறந்த சில மாதங்களில் விரல் மூட்டுகள் வீங்கி வலித்தால், ஊரார் உடனே காரணம் சொல்லிவிடுவர். 'பேறுகாலத்தில் பத்தியம் பிசகிவிட்டது. பச்சைத் தண்ணீரில் கை வைத்துவிட்டாள்' என்பர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். உடலில் புகும் கிருமிகளை எதிர்க்க நம்முள் ஒரு காவற்படை இருக்கிறது. அப்படை சிலரிடத்தில் நெறி தவறி, மூட்டுகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைப் பகையெனக் கொண்டு தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. முதுமையில் முழங்கால் தேய்வதனால் வரும் வலி வேறு, இது வேறு. இந்நோய் பெரும்பாலும் கை கால்களின் சிறு மூட்டுகளை இருபுறமும் ஒருசேரப் பற்றும். இளம் வயதினரையும் விடாது.

1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவ இல்லத்தில் பயின்ற லாந்த்ரே-போவே என்ற இளைஞர், இந்நோயை ஒத்த ஒன்றைக் குறித்துத் தம் ஆய்வேட்டில் எழுதினார். அவர் விவரித்த நோயாளிகள் ஒன்பதின்மர், ஒன்பதின்மரும் பெண்கள். அது பெண்களைப் பேணும் இல்லமாதலால், அதனை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. ஆயினும் பின்வந்த கணக்குகள் யாவும் ஒன்றையே உணர்த்தின. ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதி. தில்லிக்கு அருகே பல்லப்கட் வட்டாரத்துச் சிற்றூர்களில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், வயது வந்தோர் ஆயிரவருள் ஏறத்தாழ ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் இருந்தது. நம் ஊர்களுக்கு இது அரிய நோயன்று.

பெண்களிடம் ஏன் மிகுதி? இதற்கு விடை தேடியவர்களுள் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் குறிப்பிடத்தக்கவர். அந்நோயுடைய பெண்கள் கருவுற்றபோது வலியும் வீக்கமும் தணிவதையும், பிள்ளை பிறந்தபின் அவை மீண்டு வருவதையும் அவர் கூர்ந்து நோக்கி 1938-இல் எழுதினார். உடலே ஆக்கிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் நோயைத் தணிக்கிறது என்று அவர் ஊகித்தார். அத்தேடலின் வழியே 1948-இல் கார்ட்டிசோன் என்னும் மருந்து முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் ஹென்ச் 1950-இல் நோபல் பரிசு பெற்றார். கருவுற்ற பெண்கள் சொன்னதைப் புறக்கணியாது கேட்டதன் பயன் இது.

பின்னாளில் நெதர்லாந்து நாட்டில் கருவுற்ற நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். 2008-இல் வெளியான அம்முடிவின்படி, நோய் ஓரளவு முனைப்பாக இருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கருவுற்ற காலத்தில் நோய் தணிந்தது. பேறு முடிந்தபின் ஐவரில் இருவருக்கு முனைப்புற்றது. காரணம் என்ன? கருவிலுள்ள குழந்தையின் கூறுகளில் பாதி தந்தையினுடையவை. அவற்றைப் பகையென எண்ணாதவாறு தாயின் காவற்படை தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. சுரப்பிநீர்களும் பெருகித் துணை செய்கின்றன. பிள்ளை பிறந்ததும் அந்நிலை சட்டென மாறுகிறது. உறங்கியிருந்த நோய் விழிப்பதும், புதிதாக முளைப்பதும் அச்சில மாதங்களில் மிகுதி.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், மகனின் தேர்ச்சி அறிக்கையில் அழகாகக் கையொப்பமிட்டு அனுப்பும் அன்னையார் ஒருவர் இருந்தார். வீட்டில் இளைய குழந்தை பிறந்த ஆண்டில் அவ்வறிக்கை கைநாட்டுடன் வந்தது. பிறர் காணாதபடி மடித்து நீட்டிய அச்சிறுவனை விசாரித்தேன். 'அம்மைக்குப் பேனா பிடிக்க முடியவில்லை, சார்' என்றான். பத்தியப் பிசகு என்று சொல்லி வீட்டார் ஓராண்டைக் கழித்துவிட்டனர். பின்னர் முறையான மருத்துவத்தால் வலி தணிந்தது. ஆனால் அதற்குள் கோணிவிட்ட இரு விரல்கள் நிமிரவில்லை.

தாய்ப்பால் ஊட்டுவதைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் உடல்நலத்தைத் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றனர். அதிலிருந்து 2004-இல் வெளியான முடிவு இது: வாழ்நாளில் மொத்தம் ஓராண்டுக்கு மேல் பாலூட்டிய தாய்மாருக்கு இந்நோய் குறைவாகவும், மாதவிடாய் மிகவும் ஒழுங்கற்றிருந்தோருக்குச் சற்றே கூடுதலாகவும் வந்தது. ஆனால் இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறித்து ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. பரம்பரைக் கூறும், புகைப்பழக்கம் போன்ற பிறவும் இந்நோய்க்குத் துணையாகின்றன.

இனி நம் ஊரார் கூற்றுக்கு வருவோம். பேற்றுக்குப் பின் மூட்டு வீங்குகிறது என்று நம் பாட்டிமார் கண்டது மெய்யே. அவர்கள் கண் பிழை செய்யவில்லை. காரணம் கற்பித்ததில்தான் பிழை. பச்சைத் தண்ணீர் இந்நோயைத் தருவதில்லை. பத்தியப் பிசகும் தருவதில்லை. ஆகவே நோயுற்றவளைக் குற்றவாளியாக்குதல் அறமன்று. தன் தவறு என்று நம்பும் பெண் வாய்திறந்து முறையிடமாட்டாள். அந்த வாய்மூடலில் கழியும் மாதங்களே எலும்பு அரிக்கப்படும் மாதங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை எளியவை. காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரம் அளவும் கைகள் விறைத்திருத்தல், இரு கைகளின் விரலடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குதல், இது வாரக்கணக்கில் நீடித்தல் ஆகிய இவற்றைக் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டு நோய்களுக்கெனத் தனித்துறையே உண்டு. பிள்ளை பிறந்து எத்தனை மாதம் ஆயிற்று, பாலூட்டுகிறாரா, மீண்டும் கருவுற எண்ணமா என்பவற்றை மருத்துவரிடம் மறைக்கலாகாது. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் இந்நோய்க்குச் சிறந்த மருந்து. ஆனால் கருவுற்ற காலத்துக்கு ஆகாது. அப்போது கொடுக்கத்தக்க வேறு மருந்துகள் உள்ளன. பெயரில்லாத பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கி விழுங்குதல் கேடு.

மாணவர்களே, நோயின் பெயரைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவது கல்வியின் ஒரு பயன். பழி சுமந்து நிற்கும் ஒருத்தியிடம் 'இது உன் குற்றமன்று. வா, மருத்துவரிடம் போவோம்' என்று சொல்லும் துணிவு அதனினும் பெரிய பயன். நாளைக் காலை உங்கள் அன்னையின் கைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.