காலில் எரிச்சல், விரலில் மதமதப்பு



போலாரத்தில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வரும். "பாதம் எரிகிறது." "எறும்பு ஊர்வது போல இருக்கிறது." "செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை." உடனே ஒருவர் சொல்வார்: "நரம்புத் தளர்ச்சிதான். சத்து மாத்திரை வாங்கிப் போடு."

இந்த யோசனை பாதி சரி. பாதி ஆபத்து. ஏன்?

கோழி கற்பித்த பாடம்

1890களில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டாக்டர் இருந்தார். அங்கே பெரிபெரி என்ற நோய் பரவியிருந்தது. கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். பலர் இறந்தார்கள். ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகளுக்கும் கால் விழுந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்தார். தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்த சத்துதான் வைட்டமின் பி1 என்று பின்னால் தெரிந்தது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த நோயை ஆராய 1918இல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் மெக்காரிசன் என்ற டாக்டர் வேலை தொடங்கினார். அது வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது. சிக்கந்தராபாத்தைத் தாண்டி தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

ஆகவே, சத்து குறைந்தால் நரம்பு கெடும். அந்தச் சத்தைக் கொடுத்தால் தேறும். இது உண்மை. ஆனால் குறைந்தது எந்தச் சத்து? காரணம் சத்துக் குறைவுதானா?

காரணங்கள் பல

சர்க்கரை நோய் முக்கியக் காரணம். இதற்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். சத்து மாத்திரை மட்டும் போதாது.

பி12 குறைவு இன்னொரு காரணம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் பி12 உண்டு. கீரையிலும் பருப்பிலும் இல்லை. பல வருடம் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

குடிப்பழக்கம் பி1 சத்தைக் குறைத்துவிடும். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ஐசோநயசிட் பி6 சத்தைக் குறைக்கும். அதற்கு டாக்டர் பி6 மாத்திரை தருவார்.

உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம். பயம் வேண்டாம். மருந்து இலவசம். முழுதாகக் குணமாகும். தாமதித்தால்தான் கை கால் ஊனமாகும்.

மாத்திரையிலும் ஆபத்து உண்டு

பி6 மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 குறைந்தவர் ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் சோகை மறையும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஆகவே, காரணம் தெரிந்து, டாக்டர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

அரிசியைப் பலமுறை கழுவாதீர்கள். கஞ்சியைக் கொட்டாதீர்கள். பி1 தண்ணீரோடு போய்விடும். சோள ரொட்டி, கேழ்வரகு, பயறு, நிலக்கடலை சேருங்கள். சர்க்கரை நோயாளிகள் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்.

மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகும். சிறு கொப்புளம் புண்ணாகும். புண் அழுகினால் காலையே எடுக்க நேரிடும். ஆகவே தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறுந்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். தேற மாதங்கள் ஆகும். நாள் கடந்தால் முழுதாகத் தேறாமலும் போகலாம். அதனால் எரிச்சலோ மதமதப்போ தொடங்கியவுடனேயே பக்கத்து பஸ்தி தவாகானாவுக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். அவற்றின் பெயர்களை நீங்களே படித்துச் சொல்லுங்கள். அதற்குத்தானே எழுத்துப் படித்தோம்!